உபதேசமும் உணவும்

சென்னையின் குடிசைப் பகுதிகளிலும், நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் முதலிய இடங்களில் குடியேற்றப்பட்ட குடும்பங்களிடையேயும், கர்ப்பிணிகளையும் இளந்தாய்மாரையும் கூட்டிவைத்து, எதை உண்ண வேண்டும், குழந்தைக்கு எதை ஊட்ட வேண்டும் என்று போதிக்கும் வழக்கம் நெடுநாளாக நடந்து வருகிறது. அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் இதற்காகப் படும் பாடு போற்றத்தக்கதே. ஆயினும் அது எங்கே பலிக்கிறது, எங்கே விரயமாகிறது என்று ஆராய்வது அவசியம்.

பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் காட்டாதிருப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும் என்று அதை ஒளித்து வைப்பதும், தின்றாலும் கையோடு தேநீரைக் குடித்து, அதன் துவர்ப்பினால் இரும்பு உடலில் சேராதபடி செய்துவிடுவதும் வறுமையால் விளைபவை அல்ல; அறியாமையின் காரியங்கள். இவற்றைத் திருத்தக் காசு வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருத்தி பக்குவமாகச் சொன்னால் போதும். இவ்விஷயத்தில் போதனைக்கு ஈடான மருந்து வேறில்லை.

ஆனால் அதே கூட்டத்தில் பாலும் பழமும் முட்டையும் வரைந்த படத்தைக் காட்டி, தினந்தோறும் கீரை சமையுங்கள் என்று சொல்லும்போது நிலைமை மாறிவிடுகிறது. விடியுமுன் பஸ் பிடித்து, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பொழுது சாய்ந்து திரும்பும் பெண்ணுக்கு முருங்கைக்கீரையின் பெருமை தெரியாமல் இல்லை. அதை ஆய்ந்து உருவ நேரமும், அலசத் தண்ணீரும்தான் இல்லை. முற்பகலில் கூடும் அக்கூட்டத்திற்கு அவளால் வரவும் முடியாது. பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையோ எவரும் அழைப்பதில்லை. இயலாததை ஓயாமல் உபதேசிப்பது, வறுமையின் பழியைத் தாயின் தலையில் சுமத்துவதாகவே முடிகிறது.

இதற்கு மாறாக, 1980-இல் நம் கிராமங்களில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் துணையுணவு கொடுத்து, எடைக்கோடு உயர்வதைத் தாய்க்கே காட்டினார்கள்; சொல்லும் சோறும் சேர்ந்து சென்றதால் சொல்லுக்கு மதிப்பிருந்தது. 2013-இல் சென்னையில் பிறந்த அம்மா உணவகமோ, ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தந்து உழைப்பாளியின் பசியைத் தீர்த்தது. எனினும் அரிசியும் கோதுமையுமே மிகுந்த அப்பந்தியில் கீரைக்கும் முட்டைக்கும் இடம் சொற்பம். போதனையில்லாத சோறும் அரைகுறைதான் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே, செலவின்றிச் செய்யக்கூடியதைத் தயங்காமல் கற்பிக்கலாம். பணமும் நேரமும் கேட்பதை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கற்பிப்பதே நியாயம். போதனையின் வெற்றியை அளக்கவும், கூடிய கூட்டங்களின் எண்ணிக்கையைவிடப் பிள்ளைகளின் எடையே தக்க அளவுகோல் என்பது என் அபிப்பிராயம்.