தெசலோனிக்கேயருக்கு ஒரு சொல்: நம்பிக்கையா, எதிர்நோக்கா?

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், பட்டுத்தறி நெய்து வாழ்ந்த முதியவர் ஒருவரின் அடக்க ஆராதனையை நடத்தச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். நெசவாளர் தெருவாகையால் சபையாரைவிட அயலாரே மிகுதியாகக் கூடியிருந்தனர். வழக்கம்போல் 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் வாசித்தேன். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்பற்றி அப்போஸ்தலன் கூறும் இடம் வந்ததும், வாசலில் நின்றோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பின்னர், இறந்தவரின் நெடுநாள் தோழர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, நாங்க என்ன, நம்பிக்கை இல்லாதவங்களா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தமே இருந்தது.

அவர் கேள்வி நியாயமானது. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் அத்தெருவாருக்கு அண்மையில் உள்ளது. சிவனடியார்களின் வரலாறுகள் அதன் சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்த்தே வளர்ந்தவரிடம் தெய்வ நம்பிக்கை இல்லை என்று எவ்வாறு கூறுவது? பவுலும் அப்படிக் கூறவில்லை. 'எல்பிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை அவர் அங்கே ஆளுகிறார். மரித்தோர் கிறிஸ்துவோடு எழும்புவர் என்று காத்திருக்கும் மனநிலையே அதன் பொருள். இதை அவருக்கு விளக்கினேன், அவரும் ஏற்றுக்கொண்டார். ஆயினும் வேதவாசிப்புக்குப் பின் வாசற்படியில் நின்று அதற்கு வியாக்கியானம் சொல்ல நேர்ந்தது என் உள்ளத்தை உறுத்திற்று. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

1871இல் வெளிவந்ததும், பவர் ஐயரின் பெயரோடு சேர்த்து வழங்குவதுமான நமது பழைய மொழிபெயர்ப்பு 'பிஸ்டிஸ்' என்பதை விசுவாசம் என்றும், 'எல்பிஸ்' என்பதை நம்பிக்கை என்றும் தருகிறது. கத்தோலிக்கரும் நம் சபைகளைச் சேர்ந்தோரும் கூடி உழைத்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் இந்த அமைப்பை மாற்றிற்று. அங்கே 'பிஸ்டிஸ்' நம்பிக்கையாயிற்று, 'எல்பிஸ்' எதிர்நோக்காயிற்று. ஆகவே நம்பிக்கை என்னும் ஒரே சொல் இரு நூல்களில் இரு வேறு கிரேக்கச் சொற்களுக்கு நிற்கிறது. 1 கொரிந்தியர் 13:13ஐ இரு நூல்களிலும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணவன் திகைப்பதில் வியப்பில்லை. இரட்சிப்பு, மீட்பு என்னும் சொற்களில் இவ்விடர் இல்லை. அவை ஒன்றன் இடத்தை மற்றொன்று பறிக்கவில்லை.

பழைய நூலின் குறையை மறைக்கலாகாது. எபிரெயர் 11:1ஐ எடுத்துக்கொள்வோம். அங்கே விசுவாசம் 'நம்பப்படுகிறவைகளின்' உறுதி என்று விளக்கப்படுகிறது. விசுவாசம் என்றாலே நம்புதல் என்று கொள்ளும் இன்றைய காதுக்கு இது சொன்னதையே திரும்பச் சொல்வதாகப்படும். மூலத்தில் இருப்பன இரண்டு வினைகள்: ஒன்று பற்றிக்கொள்வது, மற்றொன்று வரப்போவதை ஆவலோடு பார்த்திருப்பது. தமிழ் வாக்கியத்தில் இரண்டாவது மறைந்துவிடுகிறது. நம் பிரசங்கங்களில் விசுவாசத்தைப்பற்றி நூறு கேட்டால் நம்பிக்கையைப்பற்றி ஒன்று கேட்பதும் அரிதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று ஐயுறுகிறேன். திருவிவிலியத்தார் இவ்வசனத்தில் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது பாராட்டத்தக்கது. ரோமர் 8:24, 25 ஆகிய வசனங்களும் அவர்கள் கையில் ஒளி பெறுகின்றன.

எனினும் எதிர்நோக்கு என்னும் சொல்லை முழுமனதோடு ஏற்க என்னால் இயலவில்லை. நாம் துன்பத்தையும் எதிர்நோக்குகிறோம். வழக்கையும் வறட்சியையும் எதிர்நோக்குகிறோம். வருவது நன்மையா தீமையா என்று அச்சொல் கூறுவதில்லை. அதில் விருப்பம் கலந்திருக்கவில்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுமா என்று குறுவைக்கு நிலத்தை உழுது காத்திருக்கும் உழவனின் உள்ளத்தை அது தொடவில்லை. 'நம்பு' என்னும் சொல்லோ அத்தகையதன்று. தொல்காப்பிய உரியியல் அதற்கு நசை, அதாவது விருப்பம், என்றே பொருள் கூறுகிறது. நாடுவதும் சார்வதும் ஒருங்கே அமைந்த அச்சொல்லை 'எல்பிஸ்' என்பதற்குத் தெரிந்தெடுத்த முன்னோர், இலக்கணம் நோக்கிச் செய்தாரோ காது நோக்கிச் செய்தாரோ, நன்றே செய்தனர் என்பேன். அச்சொல்லின் பழைய விருப்பப் பொருள் மங்கிப்போனது அவர்கள் குற்றமன்று.

விசுவாசத்தைக் கைவிட்டதிலும் ஓர் இழப்பு உண்டு. இன்றைய பேச்சுத் தமிழில் எசமானிடம் நாய் காட்டுவதும் விசுவாசமே என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். எபிரெய 'எமூனா' என்பதிலும் உண்மையாய் நிலைத்திருத்தல் என்னும் பொருள் முதன்மையாக உள்ளது. ஆபகூக் 2:4ஐப் போதிக்கையில் உலக வழக்கின் இப்பொருள் எனக்குப் பலமுறை துணை செய்திருக்கிறது.

இறந்தவரின் வீட்டிற்கு மறுவாரம் சென்றேன். யோபு 7:6ஐ வாசித்தோம். நாட்கள் நெசவாளன் எறியும் நாடாவிலும் விரைவாய் ஓடுகின்றன என்று யோபு புலம்பும் பகுதி அது. மூத்த மகன் தகப்பனின் தறியில் இருப்பவர். அவர் இடைமறித்து, "நாடா வேகமாப் போனா நல்லதுதானே ஐயா? தாருல இழை தீர்ந்தாத்தான் வேலை நிக்கும்" என்றார். எபிரெயம் அறியாத அவர் மூலத்தின் உட்கருத்தைத் தொட்டுவிட்டார். யோபு அங்கே சொல்லும் 'திக்வா' என்பதற்கு நம்பிக்கை என்றும் பொருள். கயிறு, இழை என்றும் பொருள். யோசுவா 2ஆம் அதிகாரத்தில் ராகாப் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றைக் குறிப்பதும் அதே சொல்லே. நாடா ஓட ஓட இழை தீர்ந்துபோகிறது. நம்பிக்கையும் அவ்வாறே தீர்ந்தது என்று யோபு ஒரே சொல்லில் இரண்டையும் கூறுகிறார். தமிழில் இழை அறுந்துவிட்டது. நம்பிக்கை மட்டும் எஞ்சியது. இதற்காக மொழிபெயர்த்தோரைக் குறைகூறேன்; இரண்டையும் ஒருங்கே தாங்கும் தமிழ்ச் சொல் எனக்கும் கிட்டவில்லை. ஆயினும் தறியூரில் ஊழியம் செய்யும் குருமார் இவ்வசனத்தை வெறுமனே வாசித்துச் செல்வது இழப்பேயாகும்.

தஞ்சை நாட்டுச் சபைகளுக்கு இவ்வகை வழக்கு புதிதன்று. பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பில் ஊறிய வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), இரேனியுஸ் ஐயரின் திருத்தங்களை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். அவர் வாதங்கள் யாவும் எனக்கு உடன்பாடல்ல; பழகிய சொல் என்பதற்காகவே அவர் காத்தவையும் உண்டு. ஆனால் ஜெபத்திலும் பாடலிலும் ஊறிய சொல்லை மாற்றுவது அகராதி வேலை மட்டுமன்று என்பதை அவர் அறிந்திருந்தார். அறுபது வயதான சபையார் ஒருவருக்கு நம்பிக்கை என்பது கல்லறையில் எழுதிய சொல். அதை எடுத்து வேறிடத்தில் வைத்தால் அவர் எதைப் பற்றிக்கொள்வார்?

ஆகையால் சபை ஆராதனையில் பழைய சொற்களையே வைத்துக்கொள்வது நலம் என்பது என் எண்ணம். அயலார் கூடிநிற்கும் அடக்க ஆராதனையில் மட்டும் 1 தெசலோனிக்கேயர் 4:13ஐத் திருவிவிலியத்திலிருந்து வாசிக்கிறேன். அங்கே எதிர்நோக்கு என்னும் சொல் குறைந்தபட்சம் பிறரைப் புண்படுத்துவதில்லை. உயிர்த்தெழுதலைப்பற்றிய அப்போஸ்தலனின் வாக்கு அப்போதும் சிலருக்கு இடறலாகலாம். அது சுவிசேஷத்தின் இடறல், மொழிபெயர்ப்பின் இடறலன்று. பழைய நூலை மறுபடியும் திருத்தக் குழு கூடுமாயின், எபிரெயர் 11:1ஐ முதலில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நம்பப்படுகிறவை என்பதற்குப் பதிலாக நம்பிக் காத்திருப்பவை என்று வைத்தால் போதுமா என்பதை எபிரெய, கிரேக்க வகுப்புகளில் உள்ள மாணவர் ஆராய்ந்து எழுதலாம்.