அரியலூரும் தீப்ஸும்: பொறுப்பேற்றல் குறித்துக் கிரேக்க இலக்கியம் கற்பிப்பவை

நவீன நிர்வாகவியல் அறிஞர்கள் பண்டைய கிரேக்க இலக்கியத்தின்மீது கொண்டுள்ள ஈடுபாடு புதியதன்று. நிர்வாகவியலை ஒரு தனித்துறையாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவரான பீட்டர் டிரக்கர், தலைமைத்துவத்தைப் பற்றி முறைப்பட எழுந்த முதல் நூலென்று, பாரசீக மன்னர் சைரஸைக் குறித்துச் செனஃபோன் இயற்றிய நூலையே சுட்டினார். 1987இல் ஜான் கிளெமென்ஸ், டக்ளஸ் மேயர் ஆகிய இருவரும் ஹோமர் முதல் ஹெமிங்வே வரையிலான படைப்புகளிலிருந்து தலைமைத்துவப் பாடங்களைத் திரட்டி நூலாக்கினர். அதன்பின் இதே தடத்தில் நூல்கள் பல வந்துள்ளன. வணிக மேலாண்மைக் கல்வி நிலையங்களிலும் இவ்வகைப் பாடங்கள் இடம்பெறுகின்றன.

இவ்வகை எழுத்துகளுள் பெரும்பாலானவற்றில் ஒரு பொதுக்குறை காணப்படுகிறது. வெற்றி பெறும் வழியையே அவை கிரேக்கர்களிடம் தேடுகின்றன. ஒடிசியஸின் சாதுரியம், அக்கிலிஸின் வீரம், சைரஸின் கொடைத்திறம் ஆகியவை ஒரு நிறுவனத்தைப் போட்டியில் முன்னிறுத்தும் உத்திகளாகச் சுருக்கப்படுகின்றன. ஆனால், ஏதென்ஸ் நகரத்து மக்கள் ஆண்டுதோறும் அரங்கில் கூடியமர்ந்து கண்ட துன்பியல் நாடகங்கள் வெற்றியைப் பற்றியவை அல்ல. தம் பொறுப்பில் இருந்தோர் மாண்டபின் ஒரு தலைவர் என்ன செய்கிறார், என்ன சொல்கிறார் என்பதே அவற்றின் மையப்பொருள். கிரேக்க இலக்கியத்திலிருந்து இன்றைய அமைப்புகள் பெறத்தக்க பாடம் ஒன்று உண்டெனில், அது இந்த இடத்தில்தான் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. நம் அரியலூரே அதற்கான உரைகல்லாக இருக்கிறது.

மருதையாற்றின் கரையில்

பெரம்பலூர்ப் பகுதியில் தோன்றி, அரியலூர் வழியே கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு, ஆண்டின் பெரும்பகுதி நீரின்றிக் கிடக்கும் ஆறு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், பருவமழையின் பெருவெள்ளம் அவ்வாற்றில் பாய்ந்துகொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு ரயில் அரியலூரை அடுத்த பாலத்தருகே விபத்துக்குள்ளாகி, அதன் பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்த அச்சிற்றூரின் பெயர் ஒரே நாளில் நாடெங்கும் அறியப்படலாயிற்று.

அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இது அவருடைய முதல் விலகல் கடிதமன்று. அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி நேரடிக் காரணர் என்பதால் அன்று, அரசியலமைப்பு மரபில் ஒரு முன்னுதாரணம் நிலைபெற வேண்டும் என்பதாலேயே ஏற்பதாக நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

இந்நிகழ்ச்சி அரசியல் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. தலைமைத்துவ வகுப்புகளிலும் சொல்லப்படுகிறது. எனினும், அது எதனை மெய்ப்பிக்கிறது என்னும் கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஒரு நல்ல மனிதரின் நேர்மையை மட்டுமா? அல்லது ஓர் அமைப்பு தன் பிழையிலிருந்து கற்றுக்கொள்ளும் வழியையா? இக்கேள்வியோடு மூன்று கிரேக்கப் படைப்புகளை அணுகுவோம்.

அகமெம்னனின் விளக்கம்

ஹோமரின் இலியட் ஒரு கொள்ளைநோயோடு தொடங்குகிறது. கிரேக்கப் பாசறையில் வீரர்கள் நாள்தோறும் மடிகின்றனர். காரணம் அறிந்தவர் குறிசொல்லியாகிய கால்க்கஸ். ஆனால், அவர் உடனே வாய் திறப்பதில்லை. தாம் சொல்லப்போவது படையின் தலைவருக்குச் சினமூட்டும் என்பதால், தமக்குப் பாதுகாப்பளிப்பதாக அக்கிலிஸ் உறுதி கூறிய பின்னரே பேசுகிறார். உண்மை அறிந்தவருக்கு அதைச் சொல்லும் முன் ஒரு காவலர் தேவைப்படுகிறார் என்றால், அந்த அமைப்பின் நோய் உடலில் தொடங்கியதன்று என்பதை ஹோமர் முதற்காட்சியிலேயே உணர்த்திவிடுகிறார்.

உண்மை வெளிப்பட்டபின் அகமெம்னன் செய்வதும் நோக்கத்தக்கது. தாம் கைக்கொண்ட பெண்ணைத் திருப்பியனுப்ப இசைகிறார். ஆனால், அந்த இழப்பை அக்கிலிஸுக்கு உரியவளைப் பறித்து ஈடுகட்டிக்கொள்கிறார். தலைமையின் பிழைக்கான விலையைக் கீழுள்ளவர் செலுத்துகிறார். அதனால் எழுந்த பிளவில் எண்ணற்றோர் மாண்டபின், காப்பியத்தின் பத்தொன்பதாம் காண்டத்தில் அகமெம்னன் அனைவர் முன்னிலையிலும் பேசுகிறார். ஈட்டுப்பொருள்களைத் தாராளமாகவே தருகிறார். ஆயினும், நிகழ்ந்தவற்றுக்குக் காரணம் தாமல்லர் என்றும், வானவரும் ஊழும் தம் அறிவை மயக்கினர் என்றும் விளக்கமளிக்கிறார்.

இழப்பீடு உண்டு, பொறுப்பு இல்லை என்னும் இந்நிலை நமக்கு அன்னியமானதன்று. ஆலை விபத்துக்குப் பின்னும் பாலம் இடிந்த பின்னும் வெளியாகும் அறிக்கைகளில் இதே இலக்கணத்தைக் காணலாம். மழை எதிர்பாராதது, வெள்ளம் இயற்கையின் சீற்றம் என்பன போன்ற வாசகங்கள் அகமெம்னனின் உரையிலிருந்து அதிகம் விலகியவை அல்ல. அரியலூர் விபத்தின்போது இந்த விளக்கம் சாஸ்திரியின் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது. மழை பெய்தது மெய். ஆறு பெருகியதும் மெய். அந்த மெய்யை அவர் தமக்குக் கேடயமாக்கிக்கொள்ளவில்லை என்பதில்தான் அவருடைய செயலின் சிறப்பு அடங்கியுள்ளது. ஹோமர் அகமெம்னனுக்கு வழங்கும் அடைமொழிகளுள் ஒன்று 'மக்களின் மேய்ப்பர்' என்பது. மேய்ப்பவர் தம் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து வினவப்படுவார் என்னும் நபிமொழிக் கருத்தில் தோய்ந்த வாசகருக்கு, அந்த அடைமொழிக்கும் அகமெம்னனின் உரைக்கும் இடையிலான முரண் உடனே புலப்படும்.

விசாரணையை நிறுத்தாத மன்னர்

சோஃபக்ளிஸின் ஈடிபஸ் மன்னன் நாடகமும் கொள்ளைநோயோடுதான் தொடங்குகிறது. தீப்ஸ் நகரத்து மக்கள் அரண்மனை வாயிலில் திரண்டு நிற்கின்றனர். முந்தைய மன்னரைக் கொன்றவன் நகரத்துக்குள்ளேயே இருக்கிறான், அவனை அகற்றினாலன்றி நோய் நீங்காது என்னும் செய்தி வருகிறது. ஈடிபஸ் விசாரணையைத் தொடங்குகிறார். குற்றவாளிக்குக் கடுஞ்சாபம் விதிக்கிறார். விசாரணை இறுதியில் அவரிடமே வந்து முடிகிறது.

ஈடிபஸ் குறையற்றவர் அல்லர். பார்வையற்ற முதியவர் டைரீசியஸ் உண்மையைச் சொன்னபோது அவர்மீது சீறுகிறார்; மைத்துனர் கிரெயோனைச் சதிகாரர் என்கிறார். கேட்க விரும்பாததைச் சொன்னவரின் உள்நோக்கத்தை ஆராயும் இவ்வழக்கம் அதிகார அமைப்புகளுக்கெல்லாம் பொதுவானது. எனினும், அவரை அகமெம்னனிடமிருந்து வேறுபடுத்தும் ஒரு பண்பு உண்டு. தடயங்கள் தம்மை நோக்கித் திரும்புவதை உணர்ந்தபின்னும் அவர் விசாரணையை நிறுத்தவில்லை. அரசி யொகாஸ்டா மன்றாடுகிறார். கடைசிச் சாட்சியாகிய முதிய இடையனும் பேச மறுக்கிறான். அதிகாரம் முழுவதும் கையில் இருக்கும்போதே, அந்த அதிகாரத்தைத் தம்மைப் பற்றிய உண்மையை மறைக்கப் பயன்படுத்தாமல், வெளிக்கொணரப் பயன்படுத்துகிறார் ஈடிபஸ்.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நினைவுக்கு வருவது இயல்பு. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்த கணத்தில், தீர்ப்பு வழங்கிய மன்னனே தன்னைக் குற்றவாளியெனக் கண்டு உயிர்துறக்கிறான். இரண்டும் ஒத்த காட்சிகளாயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பாண்டியனிடம் உண்மை வெளியிலிருந்து வந்து சேர்கிறது; கண்ணகி அரசவைக்குள் நுழைந்திராவிடில் அது புதைந்தே போயிருக்கும். ஈடிபஸ் உண்மையைத் தாமே தேடிச் செல்கிறார். நீதி கேட்டு வருவோருக்கு வாயிலைத் திறந்து வைப்பது ஓர் அமைப்பின் குறைந்தபட்சக் கடமை. எவரும் வராத நாளிலும் பிழையைத் தானே தேடுவது அதனினும் உயர்ந்த கடமை.

காவலனின் அச்சம்

மூன்றாவது படைப்பு சோஃபக்ளிஸின் அந்திகொனே. தம் ஆணை மீறப்பட்டது என்னும் செய்தியைக் கிரெயோன் மன்னரிடம் கொண்டுசெல்ல அங்குள்ள காவலர்களுள் ஒருவருக்கும் துணிவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவனைத் தேர்ந்து அனுப்புகின்றனர். அவனும் வழியெங்கும் தயங்கித் தயங்கியே வந்து சேர்கிறான். நகைச்சுவை கலந்த இச்சிறு காட்சி, நிறுவனங்களின் செய்தித் தொடர்பு குறித்து எழுதப்பட்ட பல நூல்களைக் காட்டிலும் ஆழமானது. மன்னரின் மகன் ஹேமோனும், நகரத்தார் இருளில் முணுமுணுப்பதைத் தந்தையின் முகத்தெதிரே சொல்ல எவருமில்லை என்று எடுத்துரைக்கிறான், பயனில்லை. இறுதியில் கிரெயோன் மனம் மாறுகிறார். சிறையிட்ட பெண்ணை முதலில் விடுவிக்குமாறு முதியோர் கூறியிருந்தும், அவர் இறந்தவனின் அடக்கத்தை முடித்த பின்னரே குகைக்குச் செல்கிறார். அதற்குள் அந்திகொனே இறந்துவிடுகிறாள். திருத்தம் வந்தது, காலம் கடந்து வந்தது.

அரபு மரபு எடுத்ததும் விடுத்ததும்

கிரேக்கச் சிந்தனையை உலகுக்குக் காத்தளித்ததில் அரபு மொழிபெயர்ப்பு இயக்கத்தின் பங்கு நன்கறியப்பட்டது. ஆனால், அவ்வியக்கம் மெய்யியலையும் மருத்துவத்தையும் கணிதத்தையும் பெயர்த்ததே தவிர, துன்பியல் நாடகங்களைப் பெயர்க்கவில்லை. அபூ பிஷ்ர் மத்தா பத்தாம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் கவிதையியலை சிரியாக் மொழி வழியாக அரபுக்குக் கொணர்ந்தார். நாடகங்களைக் காணாத இப்னு ருஷ்த், அந்நூலுக்கு உரை வகுத்தபோது துன்பியலைப் புகழ்ப்பாடல் என்றும் இன்பியலை வசைப்பாடல் என்றும் கொள்ள நேர்ந்தது. இலியட் முழுமையாக அரபுச் செய்யுளில் வெளிவந்ததே சுலைமான் அல்-புஸ்தானியின் முயற்சியால் 1904இல்தான்.

எனினும், துன்பியலைக் காணாத அம்மரபு வேறொரு வழியில் அதே சிக்கலை அணுகியது. பிளேட்டோவைக் கற்றுத் தேர்ந்த அல்-ஃபாராபி, சிறந்த நகரம் பற்றிய தம் நூலில் தலைவருக்குரிய பண்புகளை வரிசைப்படுத்துகிறார். பின், அவை அனைத்தும் ஒருவரிடம் அமைவது அரிது என்பதை ஒப்புக்கொண்டு, அவ்வாறு அமையாதபோது இருவரோ பலரோ அப்பண்புகளைத் தம்முள் பகிர்ந்து தலைமையை நடத்தலாம் என்கிறார். தனிமனிதப் பெருமையின்மீது மட்டும் ஓர் ஆட்சியை நிறுத்த இயலாது என்னும் தெளிவு இதில் உள்ளது. ஈடிபஸின் துயரத்திலிருந்தும் கிரெயோனின் தாமதத்திலிருந்தும் நாம் பெறும் முடிவும் இதுவே.

முன்னுதாரணத்தின் எல்லை

இப்போது அரியலூருக்குத் திரும்புவோம். சாஸ்திரியின் விலகல் அகமெம்னனின் வழியை மறுத்த செயல். ஈடிபஸின் வழிக்கு அண்மையானது. அதன் மதிப்பை எவரும் குறைக்க இயலாது. ஆனால், மூன்று மாத இடைவெளியில், இரு வேறு இடங்களில், இரு பாலங்களில், இரு பெரும் விபத்துகள் நிகழ்ந்தன என்பதையும் நாம் சேர்த்தே எண்ண வேண்டும். மகபூப்நகருக்குப் பின் கேட்கப்பட வேண்டியிருந்த முதற்கேள்வி அமைச்சர் விலகுவாரா என்பதன்று; மழைக்காலத்தில் ஏனைய பாலங்களின் நிலை என்ன என்பது. பிந்தைய நினைவிலும் கூட இக்கேள்வியை அரசியல் மூடிவிட்டது. தமிழகத்தில் அரியலூர் என்னும் ஊர்ப்பெயர் ரயில்வே துணையமைச்சர் ஓ.வி. அழகேசனின் பெயரோடு இணைக்கப்பட்டுத் தேர்தல் முழக்கமாயிற்று. தலைவரை அகற்றினால் நகரம் தூய்மையாகிவிடும் என்பது தீப்ஸின் நம்பிக்கை. அந்நகரத்தின் கதை அத்துடன் முடியவில்லை. ஈடிபஸுக்குப் பின் அங்கே ஆட்சிக்கு வந்தவர்தான் அந்திகொனேயின் கிரெயோன்.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் நிகழ்ந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அரியலூரும் சாஸ்திரியும் மீண்டும் நினைவுகூரப்பட்டனர். பதவி விலகல் கோரிக்கைகளே பேரொலியாக ஒலித்தன. ஆனால், ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை முடிவுகளில் வெளிப்பட்ட செய்தி வேறொன்றைச் சுட்டியது. கம்பி இணைப்புப் பிழையால் 2022இல் கரக்பூர் கோட்டத்தில் நேர்ந்த இதேபோன்ற ஒரு சம்பவத்துக்குப் பின் உரிய திருத்தம் மேற்கொள்ளப்பட்டிருந்தால் இவ்விபத்து நிகழ்ந்திராது என்பதே அது. காவலன் செய்தியோடு முன்னரே வந்துவிட்டான். அதனைக் கேட்கும் செவிதான் அமைப்பில் இல்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இன்று பெரும் நிறுவனங்களின் நிலமும் ஆகும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் அவற்றுக்கெனச் சாலைகளில் ஓடும் கனரக வாகனங்களும் ஆயிரக்கணக்கானோரின் வாழ்வோடு பிணைந்துள்ளன. அவற்றை நடத்துவோருக்குக் கிரேக்க இலக்கியம் தரக்கூடியது ஒடிசியஸின் தந்திரமன்று. ஆலையின் கடைநிலை ஊழியர் ஒருவர், இயந்திரத்தில் தாம் கண்ட பழுதை மேலாளரிடம் சொல்லுமுன் யாருடைய பாதுகாப்பை நாட வேண்டியிருக்கிறது என்னும் கேள்வியையே அது தருகிறது. அக்கேள்விக்கு 'எவருடையதும் தேவையில்லை' என்று விடை கூறத்தக்க நிறுவனத்தில், தலைவர் பொறுப்பேற்று விலக வேண்டிய நாளும் அரிதாகவே வரும்.