ஓர் அடிப் பெட்டிக்குள் ஒரு தியேட்டர்

வீட்டில் படம் பார்க்க ஆள் உயர டவர் ஸ்பீக்கர்தான் லாயக்கு என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து எங்கள் ஹாலில் உட்கார வைத்துவிடுகிறேன். டிவிக்கு இரு பக்கமும் ஸ்டாண்டில் நிற்பவை கேஈஎஃப் நிறுவனத்தின் க்யூ150 குட்டி ஸ்பீக்கர்கள். உயரம் ஓர் அடி, அகலம் ஒரு சாண்கூட இல்லை, எடை ஆறு கிலோவுக்கும் கம்மி. இந்தப் பொடியன்களிடமிருந்து வரும் சத்தம் இருக்கிறதே, அடடா!

விஷயம் அந்த ஐந்தேகால் அங்குல ஊஃபரின் நடுவில் இருக்கிறது. வழக்கமாகக் கீச்சொலிக்கான ட்வீட்டரை, கனத்த ஒலிக்கான ஊஃபருக்கு மேலே தனியாக வைப்பார்கள். கேஈஎஃப்காரர்கள் அதை ஊஃபரின் மையத்திலேயே பதித்துவிட்டார்கள். யூனி-க்யூ என்ற பெயரில் 1988 முதல் இதையே செதுக்கிச் செதுக்கி மெருகேற்றி வருகிறார்கள். கீச்சுக்குரலும் கனத்த குரலும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால், நான் சோபாவில் சாய்ந்திருந்தாலும் அம்மா தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாலும் வசனம் பிசிறுவதில்லை.

சென்டர் ஸ்பீக்கர் நான் வாங்கவேயில்லை! ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் சென்டர் இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்குரிய வசனத்தை இடதுக்கும் வலதுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்தால் குரல் அச்சாகத் திரையின் மையத்திலிருந்து எழும். "டிவிக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒளிச்சு வச்சிருக்கியாடா?" என்று அம்மா எட்டிப் பார்த்தார். நாலைந்து பேர் வரிசையாக உட்காரும் வீடு என்றால் இது சரிப்படாது, ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் பார்ப்பது இரண்டு பேர்தான்.

'ஒத்த செருப்பு சைஸ் 7' போட்டுப் பாருங்கள். திரையில் பார்த்திபன் ஒருவர்தான், மற்ற எல்லோரும் வெறும் குரல்கள். ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். ஒவ்வொரு குரலும் படம் நடக்கும் விசாரணை அறையில் எங்கே நிற்கிறது, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம் போலிருந்தது. தியேட்டரில் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு துல்லியமாகப் பிடிபடவில்லை, சத்தியமாக.

பேஸ்? அது சப்ஊஃபரின் வேலை. ரிசீவரில் ஸ்பீக்கர் அளவை 'ஸ்மால்' என்று வைத்து, 80 ஹெர்ட்ஸில் வெட்டி, அதற்குக் கீழே உள்ளதைச் சப்ஊஃபருக்கு விட்டுவிடுங்கள். திரையரங்க ஒலிக்குத் தரச்சான்று தரும் டிஎச்எக்ஸ் பரிந்துரைப்பதும் அதையேதான். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபத்தில் தெரியாது. 'ஸ்மால்' என்றதும் சிலருக்கு மானப் பிரச்சினையாகிவிடும், வேண்டாம். கனத்த சுமையை இறக்கி வைத்த குட்டி ஊஃபர் அதன்பிறகு பாடுகிற பாட்டைக் கேளுங்கள். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தின் துரத்தலில் எங்கள் ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அத்தனை எஞ்சின் இரைச்சலிலும் பேச்சு அமுங்கவில்லை.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். க்யூ150இன் காற்றுத்துளை முதுகுப் பக்கம் இருக்கிறது. சுவரோடு ஒட்டி வைத்தாலோ அலமாரிக்குள் திணித்தாலோ பேஸ் ஊதிப்போய்க் கொழகொழக்கும், கொஞ்சம் இடம் விட்டே ஆகவேண்டும். அதற்கு வழியில்லாத வீட்டுக்கு எலாக் டெபூ பி6.2 நல்ல தேர்வு, அதன் துளை முன்பக்கம். அதை வடிவமைத்த ஆண்ட்ரூ ஜோன்ஸ் ஒரு காலத்தில் கேஈஎஃப்பில் வேலை பார்த்தவர்தான். எதுவானாலும் ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரட்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் படத்தை நீங்களே கொண்டுபோங்கள். அவர்கள் போடும் குண்டுவெடிப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு மழைக்காட்சி, ஒரு கிசுகிசுப்பு, அது போதும். க்யூ150க்கு அடுத்த தலைமுறையாக 2024இல் க்யூ1 மெட்டா வந்துவிட்டது. அதைக் கேட்கப் போவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். கேட்டால் வாங்கிவிடுவேன்.