முழக்கோலும் தூரிகையும்

கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். மேலே மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் புல்மேடுகூடத் தெரியாது. இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் பார்க்க முடியவில்லையே என்று ஒருவர் சலித்துக்கொள்வார். பக்கத்திலேயே இன்னொருவர் கண்ணை மூடி அந்த ஈரத்துக்கு முகத்தைக் கொடுத்து நிற்பார். அழகு ஆளுக்கு ஆள் மாறும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால், பொன்முடிக்கு நேர் மேற்கே, இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கும் கிளிமானூர் அந்த வழக்கை அவ்வளவு சுலபமாக முடிக்க விடுவதில்லை. ஓவியர் ரவிவர்மா 1848இல் பிறந்த ஊர் அது.

அவருக்கு வெகு காலம் முன்பே இந்த மண்ணில் அழகுக்கு அளவு சொன்னவர்கள் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் வனப்பை எட்டாக வகுக்கிறது. அம்மை, தொன்மை, இழைபு என்று நீளும் அந்த வரிசையில் ‘அழகு’ என்பதும் ஒன்று. அதாவது, வனப்பு செய்யுளின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. அதே நூலின் மெய்ப்பாட்டியலோ நகை, அழுகை, மருட்கை, உவகை என மனிதரின் உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை எண்ணுகிறது. பொருளையும் மனத்தையும் ஒரே நூலுக்குள் வைத்த துணிச்சல் வியக்க வைக்கிறது.

சிற்பிகள் இன்னும் கறார். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் கண்காணிப்பாளராக இருந்த து. அ. கோபிநாத ராவ், படிமங்களுக்கான தாலமான அளவுகளை நூல்களிலிருந்து திரட்டித் தந்தவர். உத்தம தசதாலம் என்ற அளவு முறையில் படிமத்தின் உயரம் 124 அங்குலம், மத்திமத்தில் 120, அதமத்தில் 116. இந்த அங்குலம் கடை ஸ்கேலில் இருப்பதன்று. படிமத்தின் உயரத்தையே அத்தனை சம கூறாகப் பிரித்தால் வரும் ஒரு கூறு. சிலை சாண் உயரமானாலும் ஆள் உயரமானாலும் முகம், கழுத்து, முழங்கால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை கூறு என்பது மாறாது. கழுத்து இரண்டு கூறு கூடினால் தேர்ந்த ஸ்தபதிக்குக் கோலை எடுக்காமலே அது உறுத்தும். பழகிய கண்ணுக்கு அப்படியொரு கூர்மை வந்துவிடுகிறது. சுக்கிரநீதி என்ற நூல் இரு தரப்பையும் பதிவு செய்திருக்கிறது: மனம் எதில் ஒட்டுகிறதோ அதுவே அழகு என்பார் சிலர், அளவு தவறியது கற்றோர் கண்ணுக்கு அழகாகாது என்பது மறுதரப்பு.

கேரளச் சுவரோவியமோ மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்து வண்ணத்துக்குள்ளும், உறுதியான கோட்டுக்குள்ளும் வாழ்ந்தது.

ரவிவர்மா இந்தக் கோல்களைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய் வண்ணத்தைக் கையில் எடுத்தார். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது அவர் தீட்டுவதைப் பார்த்துப் பழகினார். 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். 1894இல் பம்பாயில் அச்சகம். அதன் பிறகு அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுப் பூஜை மாடத்துக்கும் வந்து சேர்ந்தார்கள்.

கொழும்பில் பிறந்த தமிழரான கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி அவரை ஏற்கவில்லை. நாடக மேடைப் பாங்கு, கற்பனைக் குறைவு, புனிதமான கதைகளில் இந்திய உணர்வின்மை என்பவை அவர் சாட்டிய குற்றங்கள். ஆனால், 1979இல் இந்திய அரசு ரவிவர்மாவின் ஓவியங்களை நாட்டின் கலைச் செல்வம் என அறிவித்து, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது.

ஒருவர் பிடிக்கும் என்றார், மற்றவர் பிடிக்காது என்றார் என்று இதைத் தள்ளிவிடுவது இரு தரப்புக்குமே அநியாயம். பட்டின் பளபளப்பையும் தோலின் இளஞ்சூட்டையும் கொண்டுவந்த கைத்திறன் குமாரசுவாமியின் குற்றப்பட்டியலில் இல்லை. தெய்வத்தை எந்தக் கோலால் அளப்பது என்பதில்தான் பிணக்கு. தெய்வம் தியானத்துக்குரிய வடிவம் என்றால் அவர் வாதம் வலுவானது. தெய்வம் பக்கத்து வீட்டுப் பெண்போல் நம்மைப் பார்க்க வேண்டும் என்றால் ரவிவர்மாவே வென்றார். கோலைத் தெரிவதில் மனிதர் வேறுபடலாம். தெரிந்த பிறகு பிழை பிழைதான்.

திருவனந்தபுரத்துக் கலைக்கூடத்தில் ரவிவர்மா தீட்டிய தமயந்தி நிற்கிறாள். சிவப்புச் சேலை, கைப்பிடிச் சுவரில் அன்னம். ஸ்தபதியின் கண் அங்கே தாலக் கணக்கைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும், அந்தப் பறவை அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று அவள் காத்திருப்பது, அதே கண்ணுக்கும் தெரியும்.