முக்காடும் கூந்தலும்

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் ஞாயிறு காலைப் பூசைக்கு மணி ஒலித்ததும், கோயில் வாயிலை அணுகும் முதிய பெண்டிர் ஒரு செயலைச் செய்வர். இடத்தோள்வழி முதுகிற் கிடக்கும் சேலைத் தலைப்பைக் கையாற் பற்றி, பின்னிருந்து மேலே கொணர்ந்து, உச்சியை மூடி, அதன் ஓரத்தை வலத்தோளின் முன்னே விடுவர். கண்ணாடியும் ஊசியும் வேண்டாத, இமைப்பொழுதில் முடிந்துவிடும் செயல் அது. பூசை நிறைவுற்று வெளியே வந்ததும் தலைப்பு மீண்டும் தோளுக்கு இறங்கிவிடும். கன்னியர் மடப் பள்ளிகளிற் பயின்ற சிறுமியர்க்கோ, முதல் நன்மை நாளில் அணியும் வெண்ணிற வலைத்துகில் இதற்கு உரியதாயிற்று.

அதே கடற்பரப்பில், நயினாதீவு நாகபூஷணி அம்மன் சந்நிதிக்குப் படகேறும் சைவப் பெண் தலைமுழுகி, கூந்தலை வாரி முடிந்து, பூச்சூடித் திறந்த தலையோடு செல்கின்றாள். அவளுடன் செல்லும் ஆடவன் சால்வையை அரையிற் கட்டி மேனியைத் திறந்து நிற்கின்றான். ஒரே மொழியைப் பேசி, ஒரே துறையில் இறங்கி, ஒரே கிணற்று நீரை உண்ணும் மக்களிடையே தலையைப் பற்றிய இவ்வேறுபாடு எங்ஙனம் எழுந்தது?

இதற்கு இருவகை விடைகள் வழங்குகின்றன. பவுலடிகள் விதித்தார், பெண் பணிந்தாள் என்பது கோயிலுக்குள்ளிருந்து வரும் விடை. பறங்கியர் கொணர்ந்தனர், மதம் மாறியோர் ஏற்றனர் என்பது வெளியிலிருந்து வரும் விடை. இரண்டும் எளியன. எளிமையே அவற்றின் குறையுமாம்.

பின்னையதை முதலில் நோக்குவோர்க்கு அதன் மெலிவு விரைவிற் புலப்படும். போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசை 1619 இல் வென்றனர். 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களையும் இட்டனர். அவற்றுள் டெல்வ்ற் என்பது மாத்திரமே நிலைத்தது. வேலணைத்தீவை லெய்டன் என்றும் நயினாதீவை ஹார்லெம் என்றும் இன்று அழைப்பார் யாருமிலர். குருமார் இன்றித் தவித்த மக்களிடம் 1687 இல் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தவர் கோவையைச் சேர்ந்த, 2015 இல் புனிதராக உயர்த்தப்பெற்ற யோசேவாஸ் முனிவர். அவர் ஐரோப்பியர் அல்லர். கோவா நாட்டுக் கொங்கணர். ஆகவே தீவகக் கத்தோலிக்கத்தின் வேர் பறங்கிக் காலத்ததாயினும், அது வாடாது நின்றது பறங்கியர் தயவினால் அன்று. அன்றியும், ஐரோப்பிய மாதர் தொப்பியணிந்து பூசைக்குச் சென்ற காலத்திலும் தீவகத்துப் பெண் தொப்பியை நாடவில்லை. தன் சேலைத் தலைப்பையே உயர்த்தினாள். வெயிலிற் பனங்கூடலில் ஓலை பொறுக்கும்போதும், கரையில் மீன் உலர்த்தும்போதும் தலைக்கு இழுத்துவிடும் அதே தலைப்புத்தான். துணியும் கைப்பழக்கமும் தமிழருடையன. வந்து சேர்ந்தது அதன் பொருள் மாத்திரமே.

அப்பொருளை ஆராயுமிடத்துப் பவுலடிகளின் வாசகத்தை நோக்குதல் இன்றியமையாதது. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் அவர் கூறும் வாதம் நேர்வழிச் செல்வதன்று. ஆடவன் தலைமறைத்துச் செபித்தலாகாது என்கின்றார். உரோமரோ பலியிடும்போது மேலாடையால் தலையை மறைத்தவர்கள். பெண் தலைமறைத்தல் வேண்டும் என்கின்றார். ஆயின், அப்பெண் சபையிற் செபிப்பவள், இறைவாக்கு உரைப்பவள் என்பதை ஏற்றுக்கொண்டே பேசுகின்றார். வாய்மூடியிருப்பவளுக்கு விதித்த விதியன்று அது. பெண்ணுக்கு நீண்ட கூந்தலே போர்வையாக அளிக்கப்பட்டது என்றும் ஓரிடத்திற் கூறுகின்றார். ஈற்றில், இதுபற்றி வழக்காடுவார்க்குச் சபைகளின் வழக்கத்தையே விடையாகக் காட்டி அமைகின்றார். படைப்பிலிருந்தும் இயற்கையிலிருந்தும் தொடங்கிய வாதம் வழக்கத்தில் வந்து நிற்கின்றது.

இவ்வாசகத்தில் தமிழ்ச் செவிக்கு மிகவும் வியப்பாய் அமைவது பிறிதொன்று. தலைமறையாத பெண் தலைமழித்த பெண்ணை ஒப்பாள் என்கின்றார் பவுலடிகள். கொரிந்து நகரில் அஃது எடுபட்டிருக்கலாம். தமிழ் நிலத்தில் அவ்வொப்புமை தலைகீழாகிவிடுகின்றது. புறநானூற்றின் 250 ஆம் பாடல் கணவனை இழந்தாளின் கூந்தல் களையப்பட்டதையும் வளை நீக்கப்பட்டதையும் ஒருங்கு கூறும். மழித்த தலையும் அதன்மேல் இட்ட முக்காடும் பிற்காலத்தில் கைம்மையின் இரு குறிகளாயின. தமிழருக்கு, மறைத்த தலையே மழித்த தலையின் உறவு. திறந்து பூச்சூடிய தலை மங்கலத்தின் இருப்பிடம். பவுலடிகள் எதனை நாணம் என்றாரோ அதனைத் தமிழர் மங்கலம் என்றனர். அவர் எதனை மாண்பு என்றாரோ அதனை இவர் இழப்பு என்றனர்.

தமிழ் இலக்கியம் பெண்ணின் கூந்தலில் நிறையைக் கண்டது உண்மையே. ஆயின் அது கண்ட வேறுபாடு முடிந்த கூந்தல், அவிழ்ந்த கூந்தல் என்பதாம். மறைத்தது, மறையாதது என்பதன்று. கண்ணகி பாண்டியன் அவைக்கு விரித்த கூந்தலோடு சென்றாள். பாஞ்சாலி தன் சூளுறவு நிறைவேறும்வரை கூந்தலை முடியாதிருந்தாள். இருவர் கதையிலும் முக்காட்டுக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்துச் சைவத் திருமணங்களில் மணமகளை மெல்லிய துகிலால் முகம் மறைத்து மணவறைக்கு அழைத்துவரும் வழக்கம் உண்டே எனச் சிலர் தடை கூறலாம். அத்துகில் முகத்தை மறைப்பது, சிறிதுபொழுதில் நீக்குதற்காகவே இடப்படுவது. வழிபாட்டில் தலையை மறைத்து நிற்பதனோடு அதனை ஒருங்கு வைத்தெண்ணுதல் பொருந்தாது.

சொல்லின் நிலையும் இதனையே காட்டும். ‘முழுதும் நனைந்தபின் முக்காடு எதற்கு’ என்னும் உலக வழக்கிலும், மானம் இழந்தவன் முக்காடிட்டுப் போனான் என்னும் பேச்சிலும் அச்சொல் நாணத்தையும் மறைவையும் சார்ந்தே நிற்கின்றது. விவிலியத்தைத் தமிழாக்கியோர் இச்சுமையுடைய சொல்லையே எடுத்தாண்டனர். வேறு சொல் அரிதாதலின் அவரைப் பெரிதும் குறைகூறற்கில்லை. யாழ்ப்பாணத்து முட்டாக்கு என்பதும் அதே சுமையைச் சுமப்பதே. ஆனால் ஓரிடத்துக் குறை மன்னிக்கத்தக்கதன்று. அவ்வதிகாரத்தின் பத்தாம் வசனத்தில், பெண் தன் தலைமேற் கொண்டிருக்க வேண்டுவது யாது என்னுமிடத்துக் கிரேக்க மூலத்தில் நிற்பது ‘அதிகாரம்’ எனப் பொருள்படும் சொல். இலத்தீனும் வல்லமை எனப் பொருள்படும் சொல்லாலேயே அதனைப் பெயர்த்தது. புரட்டஸ்தாந்தரிடையே பெரிதும் வழங்கும் தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்து நிற்பது முக்காடு. பெண்ணுக்கு உரிய ஆற்றலைக் குறித்ததாகவும் கொள்ளத்தக்க சொல், துணியாக மாறிற்று. உரையாசிரியர் செய்யவேண்டிய வேலையை மொழிபெயர்ப்பாளர் மேற்கொண்டால் நேர்வது இதுவே. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து 1850 இல் வெளிவந்த மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலரின் ஊரில், சொல்லுக்குச் சொல் நிறுத்துப்பார்க்கும் பழக்கம் புதிதன்று.

இனிச் சட்டத்தின் பக்கம். 1917 இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1262 ஆம் பிரிவு, ஆடவர் திறந்த தலையினராயும் பெண்டிர் மறைத்த தலையினராயும், சிறப்பாக நற்கருணை பெற அணுகும்போது அடக்கமான உடையினராயும் இருத்தல் வேண்டும் என்றது. இவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. பலரும் அதனைக் கவனிப்பதில்லை. மக்களின் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம் வேறாயின் விலக்குண்டு என்னும் தொடர் ஆடவர்க்கு மாத்திரமே வைக்கப்பட்டிருந்தது. திறந்த தலை அவமதிப்பெனக் கருதும் சீன நாட்டில் குருமார் தலையணி தரித்துப் பூசை செய்யப் பாப்பரசர் ஐந்தாம் பவுல் 1615 இலேயே இசைவளித்திருந்தார். சீன ஆடவனின் தலைக்கு உரோமாபுரி வளைந்து கொடுத்தது. மறைத்த தலையை அமங்கலமாகக் கருதிய ஒரு நாட்டுப் பெண்ணுக்கோ அத்தகைய விலக்கு சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டுக் கிறித்தவ வழக்கங்களைப்பற்றி 1704 இல் தூர்னோன் புதுச்சேரியில் ஆணை பிறப்பித்தபோதும், தாலியும் திருநீறும் பூப்புச் சடங்கும் பெருவழக்காயின. கழுத்தும் நெற்றியும் வழக்காடப்பட்டன, கூந்தல் வழக்காடப்படவில்லை.

இத்தனையையும் எண்ணுவார், இவ்வழக்கம் தீவகத்துப் பெண்டிர்மேற் சுமத்தப்பட்ட ஓர் இழிவு என்றே முடிவுகட்ட முற்படுவர். அம்முடிவும் முழுமையானதன்று. இழிவின் குறியை எல்லாரும் ஒருங்கே அணியும்போது அக்குறிக்கு நேர்வது யாது என்பதை அவர் எண்ணுவதில்லை.

சைவக் கோயிலின் வெளிவீதியில் நிற்கும் பெண்டிரை ஒருமுறை நோக்கிய அளவிலேயே யார் சுமங்கலி, யார் கைம்பெண் என அறிந்துவிடலாம். பூவும் பொட்டும் அதனைக் கூறிவிடும். அவை இல்லாமையும் கூறிவிடும். இறைவன் திருமுன்னிலும் அவ்வேறுபாடு அவளை விட்டு நீங்குவதில்லை. தேரிழுக்கும் திருநாளில் முன்வராது ஒதுங்கி நிற்பவள் யாரென்று எவரும் கேட்க வேண்டியதில்லை. வேதக்கோயிலின் பெண்கள் பக்கத்திலோ, நேற்று மணந்தவளும், நாற்பதாண்டுகளுக்கு முன் கணவனை இழந்தவளும், மணமாகாதவளும் ஒரே வகையாய்த் தலைமறைத்து முழந்தாட்படியிடுகின்றனர். பின்னிருந்து நோக்குவார்க்கு யார் யாவர் என்பது தெரியாது. கைம்பெண்ணின் முக்காட்டை மணமகளும் அணிந்தாள். அதனால் அது கைம்பெண்ணின் தனிக்குறியாதல் ஒழிந்தது. பவுலடிகள் இதனை எண்ணினாரல்லர். சட்டம் வகுத்தோரும் எண்ணினாரல்லர். தமிழ்ச் சூழலில் வந்து வீழ்ந்தமையாலேயே அவ்வழக்கம் இப்பயனைத் தந்தது.

இப்பயனை மிகைப்படுத்துதலும் தவறாம். வாயிலைத் தாண்டியதும் தலைப்பு இறங்குவதுபோலவே பழைய வேறுபாடுகளும் மீளும். மங்கல வீட்டில் கத்தோலிக்கக் கைம்பெண்ணும் பின்வரிசையிலேயே நின்றாள். பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையே எய்திய ஒப்புமை, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இட்ட வேறுபாட்டின் விலையாக எய்தியதே. ஆடவன் எதனையும் மறைக்கவில்லை. எனினும், ஒரு மணிநேரமாவது கைம்மை கண்ணுக்குப் புலனாகாத இடம் ஒன்று தீவகத்தில் இருந்தது என்பது சிறிய செய்தியன்று. 1985 மே மாதம் 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகில் பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். 1990 இன் பின் தீவகத்து ஊர்கள் பல வெறுமையாயின. 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மேல் எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். சில நாள்களில் அவ்வூர்ப் பங்குக் குரு ஜிம் பிறவுண் அடிகளாரும் காணாமற்போனார். இத்துணை இழப்புக்களைக் கண்ட நிலத்தில், இழந்தவளை இழந்தவளென்று சுட்டாத உடை எளிதில் இகழத்தக்கதன்று. கணவன் இறந்தானா இருக்கின்றானா என்பதே தெரியாத பெண் பொட்டிடுவதா அழிப்பதா எனத் திகைக்கும் நிலையில், முக்காடு அவ்வினாவை அவளிடம் கேட்பதில்லை.

சட்டம் இன்று இல்லை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1976 இல், தலைமறைத்தலைப் பற்றிய விதி சிறுபான்மை ஒழுங்கைச் சார்ந்தது, இனிக் கட்டுப்படுத்தாதது என்றது. 1983 இன் புதிய தொகுப்பு அவ்விதியைச் சேர்க்கவேயில்லை. மேலைநாடுகளிற் சிலர் பழைய இலத்தீன் பூசையோடு வலைத்துகிலையும் மீட்டு, அதனை ஒரு கட்சிக் கொடியாக்கியுள்ளனர். அதனைக் கண்டு தீவகத்திலும் அதனைக் கடமையாக்க விரும்புவார் எவரேனும் எழுவராயின், அவர் பத்தாம் வசனத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தல் நன்று. அதனை அடிமைச் சின்னமென்று களையச் சொல்வார், முன்வாங்கில் அமரும் முதியவளிடம் முதலிற் கேட்டறிதல் நன்று.

மாசி பங்குனிக் காலத்திற் கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு நெடுந்தீவிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் படகுகள் வருகின்றன. சிலுவைப்பாதைச் செபம் திறந்த வெளியில், கடற்காற்றில் நிகழும். அங்கே தலைமறைத்தோரும் மறையாதோரும் கலந்தே நடப்பர். சேலைத் தலைப்பைக் காற்று இழுக்க, பெண்டிர் அதனை மீண்டும் மீண்டும் பற்றி உச்சிக்கு ஏற்றுவர், சிலர் விட்டுவிடுவர்.