மேக்னீட்டோவுக்கு என்ன வயது?
எக்ஸ்-மென் ரசிகர் மரபும் அதன் கட்சிகளும்

பேராசிரியர் சார்ல்ஸ் சேவியர் எந்த ஆண்டில் சக்கர நாற்காலிக்குப் போனார்? எக்ஸ்-மென் படங்களைப் பற்றி இரண்டு ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்துவிடும். 2011-இல் வந்த 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' சொல்லும் பதில்: 1962, கியூபக் கடற்கரை, முதுகில் பாய்ந்த குண்டு. ஆனால் 2006-இன் 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' தொடக்கக் காட்சியில், 'இருபது ஆண்டுகளுக்கு முன்' என்ற அறிவிப்போடு, அதே சேவியர் மேக்னீட்டோவுடன் சிறுமி ஜீன் கிரேயின் வீட்டுக்கு நடந்து வருகிறார். 2009-இன் 'ஒரிஜின்ஸ்: வுல்வரின்' முடிவிலும், 1962-க்கு வெகு காலம் கழித்து, இரண்டு கால்களில் நிற்கிறார். மூன்றும் ஒரே ஸ்டூடியோவின் படங்கள். மூன்றும் ஒரே கதையின் பகுதிகள் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள்.

2000 ஜூலையில் பிரையன் சிங்கர் இயக்கிய முதல் படம் தொடங்கி 2020-இன் 'தி நியூ மியூட்டன்ட்ஸ்' வரை, டெட்பூல் படங்கள் இரண்டையும் சேர்த்து, ஃபாக்ஸ் நிறுவனம் இந்த வரிசையில் 13 படங்களை எடுத்தது. 2019 மார்ச்சில் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியதும், ஏற்கெனவே எடுத்திருந்த படங்களோடு வரிசை முடிவுக்கு வந்தது. இதைவிட நீளமான சூப்பர் ஹீரோ வரிசைகள் உண்டு, வசூலில் இதைத் தூக்கிச் சாப்பிட்டவையும் உண்டு. ஆனால் ரசிகர் வாதத்துக்கு இதைப் போன்ற களம் இன்னொன்று இல்லை. மார்வெல் ஸ்டூடியோஸ் படங்களுக்கு 2023-இல் அதிகாரபூர்வமான காலவரிசைப் புத்தகமே வந்துவிட்டது. ஃபாக்ஸ் அந்த மாதிரிக் கவலை எதுவும் படவில்லை. ஒரு படத்தை எடுத்தார்கள், மறந்தார்கள், அடுத்ததை எடுத்தார்கள். கணக்கை நேர்செய்கிற வேலை பார்ப்பவர் தலையில் விழுந்தது.

அந்த வேலைக்கு நெடிய பரம்பரை உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனுக்கு ஒரு கதையில் தோளில் குண்டுக்காயம், இன்னொன்றில் காலில். இப்படிப்பட்ட முரண்களை வேதாகம ஆய்வாளரின் தோரணையில் அலசி, பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியாரான ரொனால்ட் நாக்ஸ் 1911-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். அவர் கிண்டலாகத் தொடங்கியதை அடுத்த தலைமுறை சிரத்தையாக எடுத்துக்கொண்டது. அமெரிக்க காமிக்ஸ் உலகில் இதற்கு உரம் போட்டவர் ஸ்டான் லீ. மார்வெல் இதழ்களில் பிழை கண்டுபிடித்து வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். அவர் 1960-களில் 'நோ-ப்ரைஸ்' என்றொரு பரிசை ஏற்படுத்தினார். வென்றவருக்குத் தபாலில் ஒரு காலி உறை வரும், அவ்வளவுதான். காலப்போக்கில் பிழையைச் சுட்டுவதைவிட, அது ஏன் பிழையே இல்லை என்று நிறுவுகிறவருக்கே மரியாதை என்றானது. இன்றைய காலக்கணக்கர்கள் எல்லோரும் அந்தக் காலி உறையின் வாரிசுகள்.

எக்ஸ்-மென் கணக்கர்களில் மூத்த கட்சி சமரசக் கட்சி. எல்லாப் படமும் உண்மை, நாம்தான் சரியாகப் பொருத்த வேண்டும் என்பது அதன் நிலை. சேவியரின் கால்களுக்கு அவர்கள் சொல்லும் சமாதானத்தைக் கேளுங்கள். 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' படத்தில், 1973-இல், ஹேங்க் மெக்காய் தயாரித்த ஊசிமருந்தால் சேவியர் எழுந்து நடக்கிறார். ஆகவே பிற்காலத்திலும் தேவைப்பட்டபோது அதையே போட்டுக்கொண்டு நடந்திருப்பார். பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ உள்ள வினையோடு மாட்டிப் பொருள் சொன்ன நச்சினார்க்கினியருக்குப் பிடித்திருக்கக்கூடிய விளக்கம். இடிக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த மருந்து கால்களைத் தரும்போது மனம் படிக்கும் ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். அந்தப் படத்தின் துயரமே அதில்தான் இருக்கிறது. ஜீன் வீட்டுக்கு நடந்து வரும் சேவியரோ அவள் மனத்துக்குள்ளேயே பேசுகிறார். 'ஒரிஜின்ஸ்' முடிவில் நிற்பவரும் சிறுவன் ஸ்காட்டை மனத்தால் வழிநடத்தித்தான் அழைத்து வருகிறார்.

இளைய கட்சி வெட்டுக் கட்சி. அவர்கள் கையில் கத்தியைக் கொடுத்ததும் 2014-இன் அதே 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' படம்தான். கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பைர்னும் 1981-இல் இரண்டே இதழ்களில் சொன்ன கதை அது. காமிக்ஸில் காலத்தைக் கடந்து பின்னே போவது கிட்டி ப்ரைடின் மனம். படத்தில் அவள் வுல்வரினின் மனத்தை 2023-இலிருந்து 1973-க்கு அனுப்புகிறாள். அங்கே மிஸ்டிக் செய்யவிருந்த கொலை தடுக்கப்படுகிறது, உலகம் வேறு பாதையில் போகிறது, கண்விழிக்கும் வுல்வரினின் முன்னால் செத்துப்போன ஜீனும் ஸ்காட்டும் உயிரோடு நடமாடுகிறார்கள். 1973-க்குப் பின் நடந்ததெல்லாம் அழிந்தது, பிடிக்காத படங்களைத் தலைமுழுகிவிடலாம் என்று வெட்டுக் கட்சி கொண்டாடியது. ஆனால் வெட்டு விழுந்தது 1973-இல். அதற்கு முந்தைய முரண்களை அது தொடவே இல்லை. 1962-இல் வளர்ந்த பெண்ணாக இருக்கும் எம்மா ஃப்ராஸ்ட், பல ஆண்டு கழித்து நடக்கும் 'ஒரிஜின்ஸ்' கதையில் இளம்பெண்ணாக வருகிறாள். 1962-இல் சி.ஐ.ஏ. அதிகாரியாக இருந்த மொய்ரா மெக்டகர்ட், 'லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தில் நடுவயதைத் தாண்டாத ஆராய்ச்சியாளர். இவற்றுக்கு எந்தக் கத்தியும் உதவாது.

மூன்றாவதாக ஒரு சிறு கூட்டம் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்கிறது. அவர்களுக்குத் துணை உம்பர்டோ எக்கோ. சூப்பர்மேன் பற்றி 1962-இல் எழுதிய கட்டுரையில், அந்தக் கதைகள் முன்பின் தெளிவில்லாத கனவுக் காலத்தில் நடக்கின்றன, உண்மையான காலத்துக்குள் வந்தால் நாயகன் தேய்ந்துவிடுவான் என்று அவர் வாதிட்டார். படமெடுத்தவர்களே இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்ட தருணங்களும் உண்டு. 2016-இல் டெட்பூல், தன்னைப் பேராசிரியரிடம் கூட்டிப்போகிறார்கள் என்றதும், எந்த நடிகர் என்று கேட்டுக் காலக் குழப்பத்தையே நக்கலடிக்கிறான். 'லோகன்' படத்துக்குள் எக்ஸ்-மென் காமிக்ஸ் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் இருப்பதில் பெரும்பகுதி கட்டுக்கதை என்று வுல்வரினே சொல்லிவிடுகிறார்.

எக்கோவின் விதி சூப்பர்மேனுக்குச் சரி. எக்ஸ்-மென்னுக்குச் சரிவராது. மேக்னீட்டோவால் கனவுக் காலத்தில் வாழ முடியாது. இங்கேதான் காலக்கணக்கு, யார் உயர்ந்த வில்லன் என்ற ரசிகர் வாதத்துக்குள் நுழைகிறது.

1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த முதல் இதழிலேயே மேக்னீட்டோ இருக்கிறான், வழக்கமான உலகை ஆளத் துடிக்கும் வில்லனாக. அவனுக்குக் கடந்த காலம் கிடையாது. 1975-இலிருந்து 1991 வரை இதழை எழுதிய கிளேர்மான்ட்தான், 1981-இல் வந்த 150-ஆவது இதழில், அவன் ஆஷ்விட்ஸில் சிறுவனாக இருந்து பிழைத்தவன் என்ற வரலாற்றைத் தந்தார். ஒரே வீச்சில் வில்லன் மாறிவிட்டான். அவன் செய்வது தவறு என்று சொல்லலாம்; அவன் அஞ்சுவது வீண் என்று சொல்ல முடியாது. சிங்கரின் 2000-ஆம் ஆண்டுப் படம் 1944-ஆம் ஆண்டுப் போலந்தில், முகாம் வாசலில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவனோடு தொடங்குகிறது. மாத்யூ வான் இயக்கிய 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' அதே காட்சியை ஏறக்குறைய அச்சாக மறுபடி காட்டித் தொடங்குகிறது. கால்கள், காதலிகள், சாவுகள் எல்லாம் படத்துக்குப் படம் மாறிய இந்த வரிசையில் யாரும் கைவைக்காத தேதி 1944 ஒன்றுதான். என் கணக்கில் மொத்த வரிசைக்கும் அச்சாணி அதுவே. அந்தத் தேதியின் கனம் இருக்கும் படங்கள் நிற்கின்றன, இல்லாதவை சரிகின்றன.

'ஃபர்ஸ்ட் கிளாஸ்' படத்தில் செபாஸ்டியன் ஷாவாக வரும் கெவின் பேக்கனைப் பாருங்கள். முகாமில் சிறுவனுக்கு முன்னால் ஒரு நாணயத்தை வைத்து, அதை நகர்த்தவில்லை என்று அவன் தாயைச் சுடுகிறவன். பதினெட்டு ஆண்டு கழித்து அதே நாணயம் ஷாவின் தலையைத் துளைத்துப் போகிறது. அதைச் செய்யும்போது மேக்னீட்டோ, மனிதர்களைப் பற்றி ஷா சொன்னதெல்லாம் சரியே என்று ஒப்புக்கொண்டுதான் செய்கிறான். பழிவாங்கியவன் பழிவாங்கப்பட்டவனின் கொள்கைக்கு வாரிசாகிறான். சூப்பர் ஹீரோ படங்களில் ஒரு வில்லன் பிறக்கும் காட்சி இதைவிடச் சுத்தமாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

வில்லன் வாதக்காரர்களின் அளவுகோல் இதிலிருந்தே வந்தது: வாதத்தில் தோற்கடிக்க முடியாத வில்லன்தான் உயர்ந்தவன். அதன்படி 'எக்ஸ்2' படத்தின் கர்னல் ஸ்ட்ரைக்கருக்கு உயர்ந்த இடம் உண்டு. 1982-இன் மூலக்கதையில் அவர் மதபோதகர்; படத்தில் ராணுவக்காரர். தன் மகனையே ஆயுதமாக்கிய தகப்பனாக பிரையன் காக்ஸ் குரலை உயர்த்தாமல் மிரட்டினார். பீட்டர் டிங்க்லேஜின் பொலிவர் ட்ராஸ்க் மியூட்டன்ட்களை வெறுப்பதே இல்லை. வியக்கிறார், வியந்தபடியே அவர்களைக் கொல்லும் இயந்திரங்களைச் செய்கிறார். 2016-இன் 'அபோகலிப்ஸ்' இதற்கு நேர் எதிர். ஆஸ்கர் ஐசக் போன்ற நடிகரைக் கனத்த மேக்கப்புக்குள் புதைத்து, பழங்கால எகிப்திலிருந்து வந்த கடவுள் என்று நிறுத்தினார்கள். உலகை அழிக்க வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் பேச்சே இல்லை.

அந்தப் படத்தின் உண்மையான குற்றம் அதுவும் இல்லை. மனைவியையும் மகளையும் இழந்த மேக்னீட்டோவை அபோகலிப்ஸ் ஆஷ்விட்ஸுக்கே கூட்டிப்போகிறான்; மேக்னீட்டோ தன் ஆற்றலால் அந்த இடத்தைப் பெயர்த்து எறிகிறான். துணிச்சலான காட்சி என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நான் எதிர்க்கட்சி. 1944-ஐ ஒரு கிராஃபிக்ஸ் காட்சியாகச் செலவழித்தபின் இந்த மனிதனிடம் என்ன மிஞ்சும்? அதே படத்தில் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' பார்த்துவிட்டு வரும் மாணவர்களில் ஜீன், மூன்றாவது படம் எப்போதும் மோசமாகவே இருக்கும் என்கிறாள். சிங்கர் குத்தியது வேறொருவர் இயக்கிய 'லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தை. குத்து தன்மேலேயே விழுந்தது, ஏனென்றால் இதுவும் புதிய வரிசையில் மூன்றாவது.

வயதுக் கேள்விக்கு வருகிறேன். 1944-இல் பதின்வயதின் விளிம்பில் இருந்தவன், 'டார்க் ஃபீனிக்ஸ்' நடக்கும் 1992-இல் அறுபதை ஒட்டியிருக்க வேண்டும். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் முகத்தில் 1962-க்குப் பின் அதிகபட்சம் பத்தாண்டு ஓடியிருக்கும். இதே சிக்கல் காமிக்ஸுக்கும் வந்தது, அவர்கள் கையிலேயே தீர்வும் இருந்தது. 1974-இல் ஒரு கதையில் மேக்னீட்டோ கைக்குழந்தையாக மாற்றப்பட்டு, 1977-இல் மறுபடி வாலிபனாக வளர்க்கப்பட்டிருந்தான். கோமாளித்தனமான வழிதான், ஆனாலும் கணக்கை மதித்த வழி. படக்காரர்கள் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு பத்தாண்டில் வைத்தார்கள், சட்டையை மாற்றினார்கள், பாட்டை மாற்றினார்கள், மனிதர்களை மாற்ற மறந்தார்கள். இது வெறும் கூட்டல் கழித்தல் பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அரை நூற்றாண்டாக ஒரு நினைவைச் சுமந்தவன் என்பதுதான் அவனுடைய வில்லத்தனம். சுமந்த ஆண்டுகள் முகத்தில் இல்லையென்றால் சுமையும் இல்லை.

மொத்தத் தரம் என்று வரும்போது பெரும்பாலானோர் எண்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதம் எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்பதைத்தான் காட்டும், எவ்வளவு உயர்வாக எழுதினார்கள் என்பதை அல்ல. முதல் நாள் பார்வையாளரிடம் கேட்டு மதிப்பெண் போடும் சினிமாஸ்கோர் 'அபோகலிப்ஸ்' படத்துக்கும் 'லோகன்' படத்துக்கும் ஒரே ஏ மைனஸைத்தான் கொடுத்தது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் ரசிகர் எந்தக் கட்சியிலும் இல்லை. எண்களைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

'டார்க் ஃபீனிக்ஸ்' எண்கள் இல்லாமலே அளக்கக்கூடிய படம். 1980-இன் மூலக்கதையில் ஜீன் கிரே ஒரு நட்சத்திரத்தை விழுங்கி, அதைச் சுற்றிய உலகின் கோடிக்கணக்கான உயிர்களை அழிக்கிறாள். அவள் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதம் பிடித்ததால் முடிவு மாற்றி எழுதப்பட்டது, அவள் இறந்தாள். செய்ததற்கு விலை உண்டு என்ற அந்த ஒரு முடிவே கதையைக் காவியமாக்கியது. சைமன் கின்பெர்க் இதை 2006-இல் இணை எழுத்தாளராகவும் 2019-இல் இயக்குநராகவும் இரண்டு முறை தொட்டார். முதல் முறை மியூட்டன்ட்களைக் குணப்படுத்தும் மருந்து பற்றிய இன்னொரு கதையின் ஓரத்தில் ஜீன் ஊமையாக நின்றாள். இரண்டாம் முறை குற்றத்தின் அளவு சுருங்கிவிட்டது. விலையும் சுருங்கியது.

ஜேம்ஸ் மேன்கோல்டின் 'லோகன்' எந்தக் காலவரிசைக்கும் ஒழுங்காக உட்காராது. நடப்பது 2029, இடையில் என்ன நடந்தது என்பதைப் பாதிதான் சொல்கிறது. சமரசக் கட்சி திணறிய படம். ஆனாலும் மூன்று கட்சிகளும் தலைவணங்குகின்றன, ஏனென்றால் இந்த வரிசையிலேயே காலம் உடம்பில் தெரியும் படம் அது. மறதியால் மனக்கட்டுப்பாடு இழந்த தொண்ணூறு வயதுச் சேவியர், ஆறாத காயங்களோடு கார் ஓட்டும் வுல்வரின். வில்லனாக வந்து நிற்பதும் வுல்வரினின் சொந்த இளமை முகமே. தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படம் இது. 2024-இல் 'டெட்பூல் அண்டு வுல்வரின்' அந்தக் கல்லறையைத் தோண்டி எலும்புகளைக் கொண்டே சண்டை போட்டபோது பலர் கொதித்தார்கள். நான் சிரித்துவிட்டேன். லோகன் செத்தது செத்ததுதான் என்று அந்தக் காட்சியே உறுதி செய்கிறதே.

இனிமேல்தான் இந்தப் படங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதை நடக்கும் ஆண்டு வரிசையில் பார்க்கச் சொல்லி யாராவது பட்டியல் கொடுத்தால் வாங்காதீர்கள். வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். 'லாஸ்ட் ஸ்டாண்ட்' படத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டாவது முடியுங்கள். அதில் ஜீனும் ஸ்காட்டும் செத்ததைப் பார்த்தவருக்கே 2014-இல் அவர்கள் திரும்பி வரும் காட்சியின் அருமை தெரியும். 'ஒரிஜின்ஸ்' படத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.