தடித்த கம்பி, தடித்த நாதம்: ஒரு பாதி உண்மை

கம்பி தடித்தால் நாதமும் தடிக்கும். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களிடையே பழமொழி மாதிரியே புழங்கும் கருத்து இது. ஒன்பதிலிருந்து (அதாவது முதல் கம்பி 0.009 அங்குலம்) பத்துக்கு நான் மாறியதும் இதை நம்பித்தான். கடையில் கேட்டபோது, "பத்து போடுங்க சார், சவுண்டு கனமா வரும். கம்பிய மட்டும் மாத்தினா போதும்" என்றார்கள். மாற்றினேன். அடுத்த பத்து நாள் என் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒழுங்காகச் சுதி சேரவே இல்லை.

முதலில் இந்தக் கருத்துக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவி ரே வான் 0.013 போட்டு வாசித்தவர், அவர் நாதத்தின் கனத்தை யாரும் மறுக்க முடியாது. தடித்த கம்பியில் இரும்பு அதிகம், பிக்கப்புக்குப் போகும் சிக்னலும் கூடும். ஓங்கி அடித்தாலும் கம்பி ரொம்ப அலையாது. இதெல்லாம் நிஜம்தான்.

ஆனால் அதே வான் சுதியை அரை ஸ்வரம் இறக்கி வைத்துக்கொண்டார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. எதிர்ப்பக்கச் சாட்சியான டோனி அயோமியையும் கூப்பிடுவதில்லை. 1965-ல் பர்மிங்ஹாம் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர் அவர். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டிய விரல்களே அவை. வலி தாங்காமல் பாஞ்சோ கம்பிகளைப் போட்டார், பிறகு சுதியையும் இறக்கினார். ராக் இசையிலேயே கனமான நாதம் என்று பெயரெடுத்த பிளாக் சாபத்தின் கிட்டார், மெல்லிய கம்பியில் பிறந்தது. இசட்இசட் டாப்பின் பில்லி கிப்பன்ஸ் இன்னும் மெல்லியதாக 0.007 போடுகிறார். அவர் நாதம் ஒல்லி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"கம்பிய மட்டும் மாத்தினா போதும்" என்பதுதான் பெரிய பிழை. வெறுங்கம்பியில் இழுவிசை விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒன்பதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆனால் முதல் கம்பியின் இழுவிசை 23 சதவீதம் ஏறுகிறது. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 38 கிலோவாக இருந்த இழுப்பு 47 கிலோ ஆகிறது.

இந்த ஒன்பது கிலோவை யார் தாங்குவது? என் கிட்டாரில் பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. கழுத்து முன்னால் வளைந்து, கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு எழும்பின. ஆறாவது கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி, சுதி சேர்க்கும்போது "டிங்" என்று துள்ளியது. பின்னால் ஸ்பிரிங் திருகை இறுக்கி, ட்ரஸ் ராடைக் கால் சுற்று முறுக்கி, பள்ளத்தைக் கொஞ்சம் ராவி, கடைசியில்தான் சேடிலைப் பின்னுக்குத் தள்ளி ஸ்வரஸ்தானத்தைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்யணும். நான் மாற்றித்தான் செய்தேன்.

எல்லாம் முடிந்த பிறகும் ஆறாவது கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்வரம் அலைந்தது. இரண்டு மாலை சேடிலோடு மல்லுக்கட்டினேன். குற்றவாளி சேடில் இல்லை. கனமாக வரட்டும் என்று பிக்கப்பையும் உயர்த்தி வைத்திருந்தேன், அதன் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறது. இறக்கியதும் சரியாகிவிட்டது. அதாவது "கனம்" என்ற ஆசையே இரண்டாவது தடவையும் காலை வாரியது.

இதே பிக்கப் இன்னொன்றும் சொல்லித்தருகிறது. பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் மூன்றாவது கம்பிக்கான காந்தம் உயர்ந்து நிற்கும். 1954-ல் அந்த கிட்டார் வந்தபோது மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பி, உள்ளே இருக்கும் இரும்பு மெல்லியது. அதற்குக் கைகொடுக்கத்தான் அந்த உயரம். அறுபதுகளில் மெல்லிய செட்டுகள் வந்து மூன்றாவது வெறுங்கம்பியாயிற்று, ஆனால் காந்தம் பழைய கம்பியையே நினைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் பல ஸ்ட்ராட்டில் அந்த ஒரு கம்பி மட்டும் கத்துகிறது. கிட்டாரின் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு கம்பியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நாதத்தைக் கம்பியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. கனத்தை நம்பிப் பதினொன்று மாட்டி, விரல் வலியில் கிட்டாரையே மூலையில் சாத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் குறை கையில் இல்லை, அறிவுரையில்.

என் கிட்டாரில் இப்போதும் பத்துதான் இருக்கிறது. நாதம் கொஞ்சம் கனத்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஆம்ப்பில் பேஸ் குமிழைச் சற்றுத் திருப்பினால் ஒன்பதிலேயே அது கிடைத்திருக்கும். நான் ஓங்கி அடிக்கிற ஆள், என் கைக்குப் பத்துதான் அடங்குகிறது. கம்பியைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு காரணம் போதும்.